மணவாள நகருக்கு உறைபனி எச்சரிக்கை

உலகத்தில் செடி வளர்ப்பவர்கள் உண்டு. பிறர் வளர்த்த செடியை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. செடியும் வேண்டாம் புழுவும் வேண்டாம் என்று வாசல் முழுக்க சிமெண்டு பூசிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களும் உண்டு. இந்த மூவராலும் யாருக்கும் கெடுதல் இல்லை. நான்காவதாக ஓர் இனம் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் தோட்டக் குறிப்பு கொடுப்பவர்!

இவரைக் கண்டுபிடிக்க நீங்கள் அலைய வேண்டியதில்லை. கறிவேப்பிலைக் கன்று ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் தெருவில் நடந்து வாருங்கள், அவரே வருவார். "எங்கே வாங்கினீங்க?" என்பார். நீங்கள் எந்த இடத்தைச் சொன்னாலும் "அடடா" என்பார். அந்த அடடாவிலேயே கன்று பாதி வாடிவிடும். அப்புறம் மண்ணைப் பற்றி, தொட்டியைப் பற்றி, தண்ணீரை எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து ஊற்ற வேண்டும் என்பதைப் பற்றி, சென்ற வருடம் அவர் பேச்சைக் கேட்காத ஒருவருடைய செம்பருத்திக்கு நேர்ந்த கதியைப் பற்றி, உங்கள் மறு கையிலிருக்கும் பால் பாக்கெட் வெயிலில் திரிந்துபோகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். விவரம் தெரிந்தவர்கள் கன்று வாங்கினால் துணிப்பையில் மறைத்துப் பின்தெரு வழியாகத்தான் வீடு சேருவார்கள்.

அவருடைய தோட்டம் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? அதைத்தான் கேட்கக் கூடாது.

மணவாள நகரில் இந்த இனத்தின் அசல் மாதிரி துளசிராமன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவர். கம்பெனியில் அவர் கையில் மூன்று நிற அட்டைகள் இருக்கும். நல்ல குழாய்க்குப் பச்சை. சந்தேகத்துக்கு மஞ்சள். உதவாததற்குச் சிவப்பு. சிவப்பு அட்டை தொங்கிவிட்டால் அந்தப் பொருளை நகர்த்தவோ வெட்டவோ முதலாளிக்கே உரிமை கிடையாது. மூன்று பேர் கையெழுத்திட்ட படிவம் ஒன்று தயாராக வேண்டும், ஸ்டோர்ஸ் ஒன்று, பேக்கிங் ஒன்று, கடைசியாகத் தரக்கட்டுப்பாடு. அதன்பிறகு பொருள் யார் அனுப்பினார்களோ அவர்களுக்கே திரும்பிப் போகும். இந்தச் சட்டத்தை எழுதியவர் துளசிராமன்தான். எத்தனையோ லாரிகளை வந்த வழியே திருப்பி அனுப்பியவர். இரும்பு அவர் பேச்சைக் கேட்டது. ஆகவே செடியும் கேட்கும் என்று நம்பினார்.

நம்பிக்கை நான்கு வருடமாக மொட்டைமாடியில் முப்பத்தெட்டு குரோ பேக்குகளில் நின்றுகொண்டிருந்தது. நான்கு வருட விளைச்சல்: பச்சைமிளகாய் இரண்டு, தக்காளி ஒன்று. தக்காளியை அணில் முந்திக்கொண்டது.

புரட்டாசியில் ஒருநாள் அவருடைய மனைவி வைதேஹி, துவைத்த புடவைகளை வீட்டுக்குள் நாற்காலி நாற்காலியாகக் காயப் போட்டுவிட்டு, கடைசிப் புடவைக்கு நாற்காலி கிடைக்காமல் ஈரத்தோடு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏன்னா, ஒண்ணு சொல்றேன், நன்னா கேட்டுக்கோங்கோ. போகிக்குள்ள, இந்த மொட்டைமாடியில, ஒரு வேளை கறமதுக்கு ஆகற காய் காய்ச்சு என் கைக்கு வரணும். வரலேன்னா போகியன்னிக்கு அத்தனை பையும் கீழ போயிடும். தை பொறந்தா நான் அங்க வடாம் பிழியணும்."

"வைதேஹி, தோட்டம்ங்கறது ஒரு..."

"வீரராகவன் மேல ஆணை."

திருவள்ளூரில் இருந்துகொண்டு வீரராகவப் பெருமாள் மேல் வைத்த ஆணையை யார் மீறுவது?

இன்னொருவராக இருந்தால் நான்கு வெண்டை விதையை ஊன்றிவிட்டுக் காத்திருப்பார். வைதேஹி கேட்ட கறமதுக்கு, அதாவது ஒரு பொரியலுக்கு, அது தாராளம். ஆனால் நம்மவர் குறிப்பாளர். குறிப்பாளர் முதலில் கைப்பேசியைத்தான் எடுப்பார். எடுத்தார். கடல் கடந்த ஏதோ ஒரு குளிர்நாட்டில், ரோஜா நிறக் கையுறை அணிந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், "இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் உங்கள் தோட்டம்: இருபத்தோரு குறிப்புகள்" என்று சிரித்த முகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தார். துளசிராமனுக்கு ஆங்கிலம் புரியும். இருபத்தோரு குறிப்புகளும் புரிந்தன. அந்த அம்மாள் எந்த ஊரிலிருந்து பேசுகிறார் என்ற ஒன்றை மட்டும் அவர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும், தரத்துக்கு ஊர் ஏது என்று கேட்டிருப்பார்.

அன்று மாலையே "மணவாள நகர் பசுமை நண்பர்கள்" வாட்ஸ்அப் குழுவில் முதல் அறிவிப்பு வந்தது: இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. உதிர்ந்த இலைகளைச் சேகரித்து உரக்குழியில் இடவும்.

மறுநாள் காலை வாருகோலோடு அவர் தெருவில் இறங்கினார். உதிர்ந்த இலையைத் தேடினார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். மழை தொடங்கவிருந்த ஐப்பசியின் வாசலில் எல்லா மரங்களும் பச்சைப்பசேலென்று நின்றுகொண்டு அவரைப் பார்த்தன. ஒரு மரத்துக்காவது இலையுதிர் காலம் வந்த செய்தி தெரியவில்லை. சரி, தெரியாவிட்டால் நாம்தான் தெரிவிக்க வேண்டும் என்று தெருமுனை முருங்கையின் கீழ் போய் நின்று அதைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார்.

மழைக்கால முருங்கையின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு அடுத்து என்ன விழும் என்று தெரியும். இலை விழவில்லை. சுமார் இருநூறு கம்பளிப்பூச்சிகள் விழுந்தன.

அன்று கம்பெனி பஸ்ஸில் அவர் சாய்ந்து உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தார். ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கும் ஜெரால்ட், பின்சீட்டிலிருந்து எழுந்து வந்து கேட்டார்.

"இன்னா சார், கழுத்தெல்லாம் இப்படித் தடிச்சுக்கினு இருக்குது? ஊட்ல எதுனா பிரச்சினையா?"

"இலையுதிர் காலம், ஜெரால்ட்."

"அதுக்கு ஊசி இருக்குதா சார்?"

கும்மிடிப்பூண்டி வரும்வரை பஸ் சிரித்துக்கொண்டே போனது. துளசிராமன் பொறுத்துக்கொண்டார். அறிவு முதலில் அரிக்கத்தான் செய்யும்.

இதற்குள் இன்னொரு காரியம் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவின் பொறுப்பாளர். அதே பஸ்ஸில் போய் வருபவர். ஆடி மாதத்தில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் நான்கு அவரை விதையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருடைய தோட்டக்கலை. கொடி சுவரேறி, சன்னல் கம்பியைப் பிடித்து, குழாயைச் சுற்றி, ஐப்பசி நடுவில் துளசிராமன் வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தலையை வைத்து எட்டிப் பார்த்தது. பார்த்த இடத்தில் அதற்கு வசதியாக ஒரு பந்தல் நின்றது.

பந்தல் எப்படி வந்தது? அது பந்தல் அல்ல. பதினான்காவது குறிப்பு: முதல் உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே செடிகளுக்குக் கூடாரம் அமைக்கவும். துளசிராமன் மாடி முழுவதும் பிளாஸ்டிக் குழாயால் சட்டம் கட்டி, அதன்மேல் போட வீட்டிலிருந்த கம்பளிகள், படுக்கை விரிப்புகள், மகளை வேலூருக்குப் பிரசவம் பார்க்க அழைத்துப்போனபோது வாங்கிய பச்சைச் சால்வை உட்பட எல்லாவற்றையும் திரட்டியிருந்தார். மணவாள நகரில் முதல் உறைபனி எந்தத் தேதியில் விழும் என்று எந்த வானிலைச் செயலியும் சொல்லவில்லை. அதனால் அவரே டிசம்பர் பதினாலு என்று முடிவு செய்து குழுவில் அறிவித்துவிட்டார். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ஒருவர், "அன்னிக்கு ஸ்கூல் லீவா சார்?" என்று கேட்டார்.

பிறகு அவர் கண்ணில் கொடி பட்டது. ஒன்பதாவது குறிப்பு: இலையுதிர் காலத்தில் பூக்காத, காய்க்காத கொடிகளைத் தரையோடு வெட்டவும். துளசிராமன் பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்தார். பொருள்: அவரைக் கொடி. அனுப்பியவர்: கன்னியம்மா. குறை: மூன்று மாதமாகப் பூ இல்லை. முடிவு: நிராகரிக்கப்பட்டது. கீழே தேதி, கையெழுத்து. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடியின் கழுத்தில் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மா கீழேயிருந்து பார்த்துவிட்டுக் குடையோடு மாடியேறி வந்தார்.

"இன்னா சார் இது, என் கொடிக்குத் தாலி கட்டி வெச்சிருக்கீங்க?"

"ரிஜெக்ட் டேக், கன்னியம்மா. இலையுதிர் காலத்துல காய்க்காத கொடிய வெட்டிடணும்."

கன்னியம்மா குடையைத் தாழ்த்தி, கொட்டுகிற மழையைப் பார்த்தார். கொழுகொழுவென்று நின்ற கொடியைப் பார்த்தார். கடைசியாக அவரைப் பார்த்தார்.

"எது சார் உதுருது இங்க? குளிரு வந்தாத்தான் சார் அவரை பூ வெக்கும். மார்கழில பாருங்க."

"குளிர் வந்தா செத்துடும். உறைபனி தேதி குடுத்தாச்சு. குரூப்ல பார்க்கலையா? நீ வெட்டறியா, நான் வெட்டட்டுமா?"

கன்னியம்மா கொடியின் பக்கம் போனார். அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டலாம் சார். ஆனா சேப்பு டேக் போட்ட மாலு எதையும், ஃபார்ம்ல மூணு கையெழுத்து இல்லாம தொடக்கூடாதே. போன வருசம் ஒரு பைப்பை ரெண்டடி நகத்தி வெச்சதுக்கு எனக்கு மெமோ குடுத்தீங்களே, மறந்துட்டீங்களா?"

கத்தரியை எடுக்கப்போன துளசிராமனின் கை நின்றது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பெருமை வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவருடைய சட்டத்தை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் பக்கத்து வீட்டில் இருந்திருக்கிறார்!

"வாஸ்தவம்," என்றார். "ஃபார்ம் போட்டுடறேன்."

படிவம் போடப்பட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஜெரால்டிடம் நீட்டப்பட்டது.

"இன்னா சார் இது, அவரைக் கொடி?" என்றார் ஜெரால்ட். "ஸ்டோர்ஸ்க்கு வராத மாலுக்கு நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா இன்னா சொல்வேன், சாம்பார்ல போச்சுன்னா?"

நியாயமான கேள்வி. துளசிராமன் படிவத்தைத் திருத்தினார். அடுத்த வாரம் ஜெரால்ட் கொடியின் எடையைக் கேட்டார். அதற்கடுத்த வாரம் நீளத்தைக் கேட்டார். நீளம் அளந்துகொண்டு போனால் அதற்குள் கொடி வளர்ந்திருந்தது. இப்படியாகப் படிவம் பெரியபாளையம் வழியாக கும்மிடிப்பூண்டிக்குப் போவதும் வருவதுமாக இருக்க, கடைசியில் ஜெரால்டே, "இருக்கட்டும் சார், என்கிட்டயே இருக்கட்டும், பார்த்துப் போடறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. மணவாள நகரில் தண்ணீர் முழங்கால்வரை நின்றது. கம்பளிகளும் விரிப்புகளும் கூடாரத்தை விட்டுப் பறந்தன. ஒரு படுக்கை விரிப்பு இரண்டு தெரு தள்ளிக் கேபிள் கம்பியில் கிடந்தது. பச்சைச் சால்வை கிடைக்கவேயில்லை. குழாய்ச் சட்டம் மட்டும் அசையவில்லை. அதைக் கட்டியது தரக்கட்டுப்பாட்டுக்காரர் அல்லவா? அதற்கு முன்பே நனைந்த கம்பளிகளின் கீழ் ஊறி, மூச்சுவிட வழியில்லாமல் கிடந்த முப்பத்தெட்டு பைகளில் முப்பத்தெட்டும் அழுகின.

டிசம்பர் பதினாலும் வந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு துளசிராமன் குரங்குக் குல்லாயோடு மாடியேறி, கம்பெனியில் குழாயின் சூட்டை அளக்கும் கருவியை வானத்தை நோக்கிப் பிடித்தார். இருபத்திரண்டு டிகிரி. குல்லாய்க்குள் வியர்த்தது. கீழே இறங்கிக் குழுவில் எழுதினார்: நாம் அனைவரும் எடுத்த முன்னேற்பாடுகளின் பலனாக மணவாள நகரில் இந்த ஆண்டு உறைபனி தவிர்க்கப்பட்டது. ஒத்துழைத்தவர்களுக்கு நன்றி.

நன்றி சொன்னாரே தவிர, அன்று முதல் அவர் மாடிப்படி ஏறவில்லை. அழுகிய பைகளைப் பார்க்கும் தெம்பு இல்லை. போகிக்கு இன்னும் எத்தனை நாள் என்று சுவர்க் காலண்டர் ஒவ்வொரு காலையும் சொல்லிக்கொண்டிருந்தது. நான்கு வருடம் யார் யாருக்கோ அடடா சொன்ன மனிதர், தம் மாடியை நினைத்து யாருக்கும் கேட்காமல் ஒரு முறை அடடா சொல்லிக்கொண்டார். அந்தப் பைகள் போய்விட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு தெருவில் குறிப்பு சொல்வது?

போகிக்கு முதல்நாள் காலை வைதேஹி முறத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். துளசிராமன் தண்டனை கேட்கப் போகிறவர்போல் பின்னால் போனார். கதவைத் திறந்த வைதேஹி அப்படியே நின்றுவிட்டார்.

குழாய்ச் சட்டம் கண்ணில் படவில்லை. சட்டம் முழுக்க அவரை. ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக மேலே, தட்டைத் தட்டையாகக் காய்கள் கீழே, கையை நீட்டினால் கை நிறைய. நடுவில் பனி படிந்த உறைக்குள் சிவப்பு அட்டை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. வைதேஹி பறித்தார். முறம் நிறைந்தது.

துளசிராமனுக்கு நாக்கு திரும்பி வந்தது.

"என்ன சொன்னே? இந்த மொட்டைமாடியில. போகிக்குள்ள. ஒரு வேளை கறமதுக்கு. காய்ச்சு. உன் கைக்கு. எல்லாம் ஆச்சா இல்லையா?"

வைதேஹிக்கு அந்த வாதத்தில் ஓட்டை தெரியவில்லை. ஆனால் முறத்தின் கனம் மனசாட்சியை அழுத்தியது. கைப்பிடிச் சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"கன்னியம்மா! செத்த மேல வாயேன்!"

கன்னியம்மா வந்தார். வழக்கு என்னவென்று வைதேஹி சொன்னார். கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நேராகக் கொடியிடம் போய் அட்டையை எடுத்தார்.

"இந்தக் கையெழுத்து யாருது சார்?"

"என்னோடதுதான்."

"முடிவுன்னு போட்டு இன்னா எழுதியிருக்கீங்க?"

துளசிராமன் முறத்தைப் பார்த்தார். "நிராகரிக்கப்பட்டது."

"ரிஜெக்ட் ஆன மாலு யாருக்குப் போவணும் சார்?"

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு சின்னப் பொய் போதும். 'அது கம்பெனிச் சட்டம், இது வீடு' என்று ஒரு வார்த்தை. ஆனால் அவர் திருப்பி அனுப்பிய லாரிகள் எல்லாம் வரிசையாக மனசில் வந்து நின்று பதிலுக்குக் காத்திருந்தன.

"அனுப்பினவாளுக்கு," என்றார். உடனே சுதாரித்துக்கொண்டு, "ஆனா ஃபார்ம் முடியணும். ஜெரால்ட் இன்னும் கையெழுத்துப் போடலை. அதுவரைக்கும் மால் இருக்கற இடத்துலதான் இருக்கணும். ரூல்!" என்றார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

கன்னியம்மா இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"வெள்ளிக்கிழமை பஸ்ல போட்டுக் குடுத்துட்டாரு சார். காலியா இருந்ததெல்லாம் நெரப்பி பேக்கிங்குக்கு நான் போட்டுட்டேன். உங்களுது ஒண்ணுதான் பாக்கி."

துளசிராமன் வாங்கிப் படித்தார். ஏதாவது ஒரு பிழை கிடைக்கும் என்று படித்தார். எடை இருந்தது. நீளம் இருந்தது, அளந்த தேதியோடு. பூ வைத்த நாள், காய் இறங்கிய நாள், அனுப்பியவர் முகவரி, பின்கோடு. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அவருடைய வாழ்க்கையில் இப்படி நிறைவாக எழுதப்பட்ட ஒரு படிவத்தை அவர் கண்டதில்லை. கண்ணில் லேசாக நீர் கோத்தது. இப்படி ஒரு படிவத்தில் கையெழுத்திடாமல் இருக்க அவரால் எப்படி முடியும்?

பேனாவைத் திறந்தார். போட்டார்.

"அவ்ளோதான் யக்கா," என்று கன்னியம்மா முறத்தை வாங்கிக்கொண்டார். "பந்தலு மட்டும் கயட்டாதீங்க சார். சூப்பரா கட்டியிருக்கீங்க."

மறுநாள் போகி. முப்பத்தெட்டு பைகளும் படியிறங்கின. வைதேஹி மாடியைக் கழுவிவிட்டார். மத்தியானம் கன்னியம்மா ஒரு தட்டு நிறைய அவரைக்காயைக் கொடுத்தனுப்பினார். அது கணக்கில் வராது, அது அண்டைவீட்டு மரியாதை. தேங்காய் போட்டு வதக்கிய கறமதைத் துளசிராமன் மூன்று முறை போட்டுக்கொண்டார். கடைசிக் கவளத்தை மென்றுகொண்டே கூரையைப் பார்த்தார்.

"நன்னாயிருக்கு. ஆனா கொஞ்சம் முத்தல். ரெண்டு நாள் முன்னாடி பறிச்சிருக்கணும்."

வைதேஹி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தோட்டம் போன துக்கத்தில் அவர் வாயை மூடியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? இப்போதுதான் அவருக்கு நேரமே கிடைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், பூச்சி பார்க்க வேண்டாம், முழுநேரமும் குறிப்புதான். "அவரைக்கு உறைபனிக் கூடாரம் ஏன் அவசியம்: ஒரு வெற்றி அனுபவம்" என்று பொங்கலன்றே குழுவில் ஏழு பகுதிகள் வந்தன. தனக்குத் தோட்டம் இல்லாத மனிதருக்கு ஊரிலுள்ள தோட்டமெல்லாம் சொந்தம்.

போகட்டும், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த முப்பத்தெட்டு பைகள் அழுகின என்று படித்தபோது, 'அடியில் ஓட்டை போட்டு பைக்கு ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கு வைத்திருந்தால் பிழைத்திருக்குமே' என்று உங்களுக்குத் தோன்றியதா? 'அடடா' என்று, மெதுவாகத்தான், சொன்னீர்களா?

அப்படியானால் உங்கள் தெருவில் கறிவேப்பிலைக் கன்று வாங்குகிறவர்கள் ஏன் பின்தெரு வழியாகப் போகிறார்கள் என்று நீங்கள் இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை.